பாட்டு மாறும் இடத்தில் தாளம் நொண்டாமல்: லினக்ஸ் பெட்டியில் இடைவெளி இல்லாத ஒலிப்பு

வியாசர்பாடியில் பெரியப்பா வீட்டில் சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் போட்டு, மானிட்டரைக் கழற்றிவிட்டு, பாட்டு கேட்பதற்கென்றே ஒரு பெட்டியாக மாற்றிக் கொடுத்தேன். பின்னால் ஓடுவது எம்பிடி (MPD) என்ற பாட்டு ஓட்டும் மென்பொருள். கைபேசியில் ஒரு செயலி வழியாகப் பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். உள்ளே இருப்பது இரண்டு வகைச் சரக்கு. ஒன்று, பெரியப்பா வைத்திருந்த கானா கேசட்டுகளிலிருந்து நான் கணினிக்கு ஏற்றியவை. அவர் இளவயதில் டோலக் வாசித்தவர். காரியத்துக்கு முந்தைய இரவு விடிய விடிய நடக்கும் கச்சேரிகளை யாராவது டேப் ரெக்கார்டரில் பிடித்து வைப்பார்கள், அப்படிச் சேர்ந்தவை. இன்னொன்று, பெரியம்மாவின் கர்நாடக இசைக் கச்சேரி சிடிகள்.

இந்த இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. டிராக் மாறினாலும் இசை நிற்காது. கானாவில் பாடுபவர் மூச்சு வாங்கும்போதே டோலக் அடுத்த பாட்டின் நடைக்குப் போய்விடும். கச்சேரி சிடியில் ஆலாபனையை ஒரு டிராக்காகவும், கீர்த்தனையை அடுத்ததாகவும், தனி ஆவர்த்தனத்தை இன்னொன்றாகவும் பிரித்திருப்பார்கள், ஆனால் தம்புரா முதலிலிருந்து கடைசிவரை ஒரே இழையாக ஓடும். அந்த இழை டிராக் மாறும் இடத்தில் ஒரு கணம் அறுந்து ஒட்டுகிறது என்றால், வாசித்தவர்கள் வைக்காத ஒரு மௌனத்தை இயந்திரம் உள்ளே செருகுகிறது என்று அர்த்தம். எனக்கு அது பொறுக்கவில்லை. பெரியப்பாவுக்கு என்னைவிட முன்னாலேயே பொறுக்கவில்லை. "டேய், இந்த எடத்துல தாளம் நொண்டுதுடா. அடிச்சவன் நொண்டல, மெஷினுதான் நொண்டுது" என்றார்.

நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்தால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 500 மில்லி விநாடி. அதில் 50 மில்லி விநாடி கூடினால் பத்தில் ஒரு பங்கு. தாளம் வாசித்துப் பழகிய காதுக்கு அது நன்றாகவே கேட்கும். தம்புராவின் விஷயம் வேறு, அங்கே நேரம் முக்கியமில்லை, ஒலி அற்றுப்போவதுதான் உறுத்தும். ஆக ஒரே குறை இரண்டு விதமாகக் கேட்கும். சோதிக்கும்போது இரண்டு வகைப் பதிவையும் வைத்துக்கொள்வது நல்லது.

இணையத்தில் இதற்குத் தேடினால் "இந்த செட்டிங்கை மாற்று, அந்த பிளேயருக்கு மாறு" என்றுதான் பெரும்பாலும் வருகிறது. செட்டிங்கில் கை வைப்பதற்கு முன் இடைவெளி எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பிறக்கக்கூடிய இடம் மூன்று: கோப்புக்குள்ளேயே இருக்கலாம், பிளேயர் அடுத்த கோப்பைத் திறக்கத் தாமதிக்கலாம், ஒலி சாதனம் மூடித் திறக்கலாம். மூன்றும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். பிரித்துப் பார்க்க, நமக்கு முழுக்கத் தெரிந்த ஒரு ஒலி வேண்டும்.

அதற்கு சாக்ஸ் (SoX) என்ற ஒலிக் கருவியால் 441 ஹெர்ட்ஸ் சைன் அலை (ஒரே சுருதியில் நீளும் ஒலி) ஒன்றை 20 விநாடிக்கு உருவாக்கினேன். கணினியில் ஒலி என்பது விநாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்த அளவுகள், ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் 441 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலைச் சுற்றுக்குச் சரியாக 100 சாம்பிள். பின்னால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பெரிதாக்கிப் பார்க்கும்போது எண்ணுவதற்கு வசதி. அதை நடுவில் வெட்டி, 10 விநாடியாக இரண்டு கோப்பு. ஒவ்வொன்றிலும் 4,41,000 சாம்பிள். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் ஒரே அலையாக வர வேண்டும். இந்த ஜோடியை வேவ் (சுருக்காதது), ஃப்ளாக் (எதையும் இழக்காமல் சுருக்குவது), எம்பி3 (கொஞ்சம் இழந்து சுருக்குவது) என்று மூன்று வடிவிலும் சேமித்தேன்.

முதலில் பிளேயரே வேண்டாம். கோப்பை டிகோட் செய்து, அதாவது மறுபடி சாம்பிள்களாக விரித்து, எண்ணிப் பார்த்தாலே முதல் இடம் தெரிந்துவிடும். ஃப்ளாக்கில் 4,41,000 போட்டால் 4,41,000 வரும். அதன் தலைப்பகுதியிலேயே மொத்த சாம்பிள் எண்ணிக்கை எழுதியிருக்கும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எம்பி3 அப்படி இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட ஃப்ரேம்களாக அடைக்கிறது. அரை ஃப்ரேம் என்று ஒன்று கிடையாது. பாட்டு எங்கே முடிந்தாலும் கடைசி ஃப்ரேமின் மிச்ச இடத்தை மௌனத்தால் நிரப்பியாக வேண்டும். அதோடு, இந்த முறையில் குறியாக்கம் நடக்கும் விதத்தினால் தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். எம்பி3 கோப்பை உருவாக்கும் லேம் (LAME) என்கோடர் வழக்கமாக முன்னால் 576 சாம்பிள் சேர்க்கும். டிகோடர் தன் பங்குக்கு 529 சாம்பிள் தள்ளும். கூட்டினால் 1,105. இது முன்பக்கம் மட்டும் சுமார் 25 மில்லி விநாடி.

என் 10 விநாடிக் கோப்பையே எடுத்துக்கொள்வோம். 4,41,000 உடன் 576 சேர்த்தால் 4,41,576. இதை 383 ஃப்ரேமில் அடைக்க முடியாது, 384 வேண்டும். 384 ஃப்ரேம் என்றால் 4,42,368 சாம்பிள். அதாவது 1,368 சாம்பிள் அதிகம், 31 மில்லி விநாடி. முன்னால் 1,105, பின்னால் 263. கோப்பின் முதல் ஃப்ரேமில் லேம் சில தகவல்களை எழுதி வைக்கும். அதுவும் ஒரு முழு ஃப்ரேம். அதைத் தகவல் என்று அடையாளம் காணாத டிகோடர் அதையும் மௌனமாகவே வாசித்துவிடும், இன்னொரு 1,152 சாம்பிள் கூடும். மொத்தம் 57 மில்லி விநாடி. பெரியப்பா சொன்ன நொண்டல் இந்த அளவுதான்.

நல்லவேளையாக, அந்தத் தகவல் ஃப்ரேமுக்குள்தான் மருந்தும் இருக்கிறது. முன்னால் எத்தனை சாம்பிள் சேர்த்தேன், பின்னால் எத்தனை சேர்த்தேன் என்று லேம் அதில் குறித்து வைக்கிறது. 1993-இல் வெளியான எம்பி3 தரநிலையில் பாட்டின் உண்மையான நீளத்தை எழுத இடமே ஒதுக்கவில்லை. பிற்பாடு லேம் உருவாக்கியவர்கள் செய்த ஏற்பாடு இது. அதைப் படிக்கத் தெரிந்த டிகோடர் அத்தனையையும் கத்தரித்துவிட்டு 4,41,000 சாம்பிளைத் திருப்பித் தரும். எஃப்எஃப்எம்பெக் தருகிறது. எம்பிஜி123-யும் தருகிறது. இந்த ஒரு சின்னக் குறிப்பு இல்லாவிட்டால் லினக்ஸில் எம்பி3 கச்சேரியை ஒழுங்காகக் கேட்கவே முடியாது. அதை யோசித்துச் சேர்த்தவர்களுக்கு நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் கத்தரித்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. இரண்டு கோப்பையும் தனித்தனியாக என்கோட் செய்யும்போது, முதல் கோப்பின் கடைசி ஒலிக்கும் இரண்டாவதன் முதல் ஒலிக்கும் தொடர்பு இருப்பது என்கோடருக்குத் தெரியாது. ஒட்டும் இடத்தில் சின்ன மாறுபாடு இருக்கலாம், சில சமயம் மெல்லிய 'டிக்' என்று கேட்கும். லேமில் இதற்கென்று ஒரு வசதி உண்டு. நோகேப் என்ற தேர்வோடு எல்லாக் கோப்பையும் வரிசையாக ஒரே கட்டளையில் கொடுத்தால், தொடர்ச்சியான ஒலி என்று எடுத்துக்கொண்டு என்கோட் செய்யும். எம்பி3-தான் வேண்டும் என்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். என் பங்குக்கு, தொடர்ச்சியான கச்சேரிகள் எல்லாவற்றையும் ஃப்ளாக்கில் வைத்துவிட்டேன். ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறது. பிறகு ஏன் இந்தத் தலைவலி? இடம் குறைவாக இருந்தால் ஓபஸ் நல்ல வழி. தொடக்கத்தில் எத்தனை சாம்பிளைத் தவிர்க்க வேண்டும் என்பதை அதன் தலைப்பகுதியில் எழுதியே ஆக வேண்டும் என்று அந்த வடிவத்திலேயே விதி இருக்கிறது.

அடுத்தது பிளேயர். இதற்கு ஃப்ளாக் ஜோடியை மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டும். அப்போதுதான் கோப்பின் மேல் சந்தேகம் வராது. என் மடிக்கணினியில், எல்லாச் செயலிகளின் ஒலியையும் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பைப்வயர் ஓடுகிறது. அதில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை அப்படியே பிரதி எடுத்துத் தரும் மானிட்டர் என்ற மூலம் உண்டு. பிளேயரை ஓடவிட்டு அந்த மானிட்டரைப் பதிவுசெய்து, ஆடாசிட்டியில் 10-ஆவது விநாடியைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். காதை நம்பவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பைப்வயர் வழக்கமாக 48,000 வேகத்தில் ஓடும். 44,100 கோப்பு அதற்குள் போகும்போது வேகம் மாற்றப்படும், சுற்றுக்கு 100 சாம்பிள் என்ற கணக்கு குலைந்துவிடும். அதனால் பைப்வயர் உள்ளமைவில் இயல்பு வேகத்தை 44,100 என்று மாற்றிவிட்டுச் சோதித்தேன்.

எம்பிவி (mpv) என்ற பிளேயரில் கேப்லெஸ் ஆடியோ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதற்கு மூன்று நிலை: இல்லை, ஆம், வீக். இயல்பாக இருப்பது வீக். அடுத்த கோப்பின் ஒலி வடிவம் இப்போதையதைப் போலவே இருந்தால் சாதனத்தைத் திறந்தே வைத்திருக்கும், மாறினால் மூடித் திறக்கும். ஆம் என்று வைத்தால் முதல் கோப்பின் வடிவத்துக்கு மற்றதையெல்லாம் மாற்றிக்கொண்டு, சாதனத்தை மூடாமலே ஓட்டும். எல்லாம் ஒரே வேகத்தில் இருக்கும் கச்சேரிக்கு வீக் போதும். அலை உடையாமல் வந்தது. ஆனால் எம்பிவி இந்த வேலையைச் சாதனத்தின் பஃபரை (ஒலிக்கக் காத்திருக்கும் சிறு இருப்பை) நம்பித்தான் செய்கிறது. பஃபரில் இருக்கும் ஒலி தீர்வதற்குள் அடுத்த கோப்பு திறந்து டிகோட் ஆகியிருக்க வேண்டும். பாட்டு வைஃபை வழியாக வேறு கணினியிலிருந்து வந்தாலோ, உறங்கிப்போன ஹார்ட் டிஸ்க் விழித்துச் சுழல வேண்டியிருந்தாலோ அது நடக்காமல் போகலாம். அதற்கு, பட்டியலில் அடுத்து வரும் கோப்பை முன்கூட்டியே திறக்கச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது. இயல்பாக அது அணைந்திருக்கும். வலைவழிக் கோப்புகளுக்கு அதை இயக்கிப் பார்க்கலாம்.

ஜிஸ்ட்ரீமர் என்ற ஒலி-ஒளி நூலகத்தை வைத்து எழுதப்பட்ட பிளேயர்கள் லினக்ஸில் நிறைய. அவற்றில் இடைவெளி வருமா வராதா என்பது பிளேயரை எழுதியவர் கையில் இருக்கிறது. ஜிஸ்ட்ரீமர், பாட்டு முடியப்போகிறது என்று முன்னதாகவே ஒரு சமிக்ஞை கொடுக்கும். அந்த நேரத்தில் அடுத்த கோப்பின் முகவரியைக் கொடுத்துவிட்டால் ஒலி ஓடும் வரிசையை உடைக்காமல் ஒட்டிவிடும். அதைக் கண்டுகொள்ளாமல், பாட்டு முழுசாக முடிந்த பிறகு அடுத்ததைத் திறக்கும் பிளேயரில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் பயனில்லை. பிளேயரைத்தான் மாற்ற வேண்டும்.

சில பிளேயர்கள் இதற்குப் பதிலாக கிராஸ்ஃபேடு தருகின்றன. முந்தைய பாட்டின் வாலும் அடுத்த பாட்டின் தலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒலிக்கும். சினிமாப் பாட்டுப் பட்டியலுக்கு அது நன்றாக இருக்கும். தொடர்ச்சியான கச்சேரிக்கு அது இடைவெளியைவிட மோசம். அடுத்தடுத்து வர வேண்டிய அடிகள் ஒரே நேரத்தில் விழும், டோலக் இரண்டு பேர் வாசிப்பது போல ஆகிவிடும். எம்பிடி-யில் கிராஸ்ஃபேடை 0 என்று வைத்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சில கைபேசிச் செயலிகளில் அந்த எண்ணை மாற்றும் இடம் விரல் படும் தூரத்திலேயே இருக்கும்.

எம்பிடி விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி. ஓடும் பாட்டு முடிவதற்கு முன்பே அடுத்த பாட்டை டிகோட் செய்யத் தொடங்கிவிடுகிறது. இடைவெளி இல்லாமல் ஓட்ட எதையும் இயக்கத் தேவையில்லை. வியாசர்பாடிப் பெட்டியில் ஒலியை எம்பிடி-யிலிருந்து நேராக, லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான ஆல்சா வழியாக, எண்களை ஒலியாக மாற்றும் யுஎஸ்பி டிஏசி-க்கு அனுப்பினேன், நடுவில் வேறு எதுவும் கிடையாது. ஒரு வேலைக்கு என்றே இருக்கும் பெட்டிக்கு இதுதான் சுத்தமான வழி. வேறு செயலிகளும் ஒலி எழுப்ப வேண்டிய கணினி என்றால் பைப்வயர் வழியாகவே விட்டுவிடலாம்.

அப்படியும் ஓர் இடத்தில் 'டப்' என்று சத்தத்தோடு ஒலி அறுந்தது. அங்கேதான் மூன்றாவது இடமான சாதனம் வருகிறது. அந்தக் கேசட்டின் ஒரு பக்கம் 48,000-இலும் மறுபக்கம் 44,100-இலும் பதிவாகியிருந்தது. வேகம் மாறும்போது ஒலி சாதனத்தை மூடிப் புது வேகத்தில் திறக்க வேண்டியிருக்கிறது. சில டிஏசி-க்கள் அந்த நேரத்தில் தாங்களாகவே ஒலியை அடக்கிவிட்டு மெதுவாகத்தான் திறக்கும், முதல் சில அடிகள் விழுங்கப்பட்டுவிடும். இதற்கு நிரந்தரத் தீர்வு, ஒரே கச்சேரியின் கோப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் இருப்பதுதான். 48,000-இல் இருந்ததை சாக்ஸ் வைத்து 44,100-க்கு மாற்றிவிட்டேன். வெட்டுவதற்கு முன்பே, முழுப் பக்கமாக இருக்கும்போதே மாற்றுவது நல்லது. துண்டுகளாக வெட்டிய பிறகு ஒவ்வொன்றையும் மாற்றினால் விளிம்புகளில் மாற்றியின் ஃபில்டருக்குப் பக்கத்து ஒலி கிடைக்காது, ஒட்டும் இடம் சுத்தமாக வராது. இதுபோக, எம்பிடி-யின் ஆடியோ அவுட்புட் பகுதியில் வடிவத்தை 44100:16:2 என்று எழுதி வைத்தேன். எந்தப் பாட்டு வந்தாலும் அதே வடிவில்தான் வெளியே போகும். வேகம் மாற்றும் வேலைக்கு சாக்ஸ்ஆர் என்ற நூலகத்தைத் தரம் உயர்வாக வைத்துப் பயன்படுத்தச் சொன்னேன். பழைய கணினிக்கும் அது ஒரு சுமையாகத் தெரியவில்லை.

இடைவெளியே இல்லாமல் இடைவெளி போலக் கேட்கும் ஒன்றும் உண்டு. ரீப்ளேகெயின். டிராக் வாரியாகச் சத்தத்தைச் சமப்படுத்தும் நிலையில் வைத்தால், மெல்லிய ஆலாபனைக்குச் சத்தத்தைக் கூட்டும், அதிரும் தனி ஆவர்த்தனத்துக்குக் குறைக்கும். டிராக் மாறும் அந்த நொடியில் தம்புராவின் சத்தம் திடீரென்று ஏறி இறங்கும். அலையைப் பார்த்தால் ஒரு சாம்பிள்கூட விடுபட்டிருக்காது, காது மட்டும் வெட்டு என்று சொல்லும். பெரியம்மா, "யாரோ வால்யூமைத் திருகற மாதிரி இருக்குப்பா" என்றார். அதைக் கேட்டதுமே பிடிபட்டது. எம்பிடி-யில் இதை ஆல்பம் நிலையில் வைக்கலாம், முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவு திருத்தம்தான் போகும். ஆட்டோ என்று வைத்தால், கலைத்துப் போடும் ராண்டம் நிலையில் டிராக் அளவையும் மற்ற நேரத்தில் ஆல்பம் அளவையும் எடுத்துக்கொள்ளும். நான் ஆட்டோவில் விட்டிருக்கிறேன்.

கேசட்டிலிருந்து ஏற்றுபவர்களுக்குச் சில வார்த்தை. முழுப் பக்கத்தையும் ஒரே கோப்பாகப் பதிவுசெய்து, ஆடாசிட்டியில் பாட்டு தொடங்கும் இடங்களில் லேபிள் வைத்து, லேபிள் வாரியாக ஃப்ளாக்கில் வெளியே எடுக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் ஃபேடு போட வேண்டாம். அழகாக இருக்கட்டும் என்று ஃபேடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு எந்த பிளேயராலும் அதை ஒட்ட முடியாது. வெட்டும் இடம் கணினிக்கு மட்டும் என்றால் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சிடியில் எழுதவும் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு துண்டின் நீளமும் 588 சாம்பிளின் மடங்காக இருக்க வேண்டும். ஆடியோ சிடியில் ஒரு செக்டர் விநாடியில் 75-இல் ஒரு பங்கு, அதாவது 588 சாம்பிள். மிச்சம் இருந்தால் எழுதும் மென்பொருள் அதை மௌனத்தால் நிரப்பும். எழுதும்போது டிஸ்க் அட் ஒன்ஸ் முறையில், அதாவது முழு சிடியையும் ஒரே மூச்சில் எழுதுங்கள். ஒவ்வொரு டிராக்காக எழுதும் டிராக் அட் ஒன்ஸ் முறையில் டிராக்குகளுக்கு நடுவே வழக்கமாக 2 விநாடி மௌனம் விழும். பெரியம்மாவிடம் இருந்த சிடிகளில் ஒன்று யாரோ அப்படிப் பிரதி எடுத்துக் கொடுத்தது. அந்த 2 விநாடி கோப்பிலேயே பதிந்திருந்தது. ஆடாசிட்டியில் அந்த மௌனத்தை மட்டும் நீக்கியதும் ஆலாபனையின் முடிவும் கீர்த்தனையின் தொடக்கமும் பிசிறில்லாமல் சேர்ந்துகொண்டன.

லேம் குறிப்பு இல்லாத பழைய எம்பி3 கோப்புகள்தான் கடைசியாக மிஞ்சின. எந்த என்கோடர் எத்தனை சாம்பிள் சேர்த்தது என்று அவற்றில் எழுதியிருக்காது, எந்த பிளேயரும் ஊகிக்க முடியாது. அவற்றை வேவாக டிகோட் செய்து, விளிம்பில் இருக்கும் மௌனத்தைக் கையால் வெட்டி, ஒட்டி, முழுக் கச்சேரியாக்கி, மறுபடி லேபிள் வைத்து ஃப்ளாக்காக எடுத்தேன். திரும்ப எம்பி3-ஆக்கினால் தரம் இன்னும் ஒரு படி இறங்கும், அதனால் ஃப்ளாக். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. டோலக் நடை இருக்கும் இடங்களில் காதைவிட அலையின் படம் உதவியது. அடிகள் சம இடைவெளியில் கூர்கூராகத் தெரியும். ஒட்டும் இடத்தில் அந்த இடைவெளி பக்கத்தில் இருப்பதோடு பொருந்தும் வரை வெட்டினால் தாளம் சேர்ந்துவிடும். பொருந்திவிட்டதா என்று பெரியப்பாவிடம் கொடுத்துக் கேட்க வைத்தேன். ஓர் ஒட்டை மட்டும், "இன்னும் கொஞ்சம் இழு" என்றார். கொஞ்சம் என்றால் சுமார் 10 மில்லி விநாடி. அதைச் சேர்த்ததும் தலையாட்டிவிட்டு அடுத்த கேசட்டைக் கொடுத்தார்.

கேசட்டைத் திருப்பிப் போட்ட இடத்தில் விட்டுப்போனதை மட்டும் எதுவும் செய்ய முடியாது. 60 நிமிடக் கேசட் என்றால் அரை மணிக்கு ஒரு தரம் பாட்டின் நடுவே டேப் தீர்ந்துவிடும், மறுபக்கம் போட்டு பட்டனை அமுக்குவதற்குள் கச்சேரி ஓடியிருக்கும். அங்கே நான் எதையும் ஒட்டவில்லை. ஒலிக்காத ஒன்றை இருப்பதுபோல் காட்டக் கூடாது. அந்த இரண்டு துண்டுகளின் பெயரிலும் 'பக்கம் மாறுகிறது' என்று சேர்த்து எழுதியிருக்கிறேன்.